காடு பார்க்கப் போகும் வீட்டாருக்கு



அமெரிக்காவில் குடியிருக்கும் எங்கள் சாச்சியின் மகள் போன பெருநாளைக்குச் சில படங்கள் அனுப்பியிருந்தாள். நீளமான ஒரு வாகனம். உள்ளே கட்டில், அடுப்பு, ஐஸ் பெட்டி, குளியலறை, கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. அதைக் கிழமைக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, புருஷனும் பெண்சாதியும் பிள்ளைகளுமாக யெலோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்திருக்கிறார்கள். 1872 இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. உலகில் முதலாவது தேசியப் பூங்கா என்று பெயர் பெற்றது. இரவில் பூங்காவுக்குள்ளேயே அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் வாகனத்தை நிறுத்தி, அதற்குள்ளேயே படுத்து எழும்பியிருக்கிறார்கள். "ராத்தா, நீங்களும் ஒரு வான் எடுத்து இப்படிப் போய்ப் பாருங்களேன்" என்று கீழே எழுதியிருந்தாள்.

படத்தைப் பார்த்த என் பிள்ளைகள் துள்ளினார்கள். நான் துள்ளவில்லை. நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை வான் எடுத்துக் காடு பார்க்கப் போய் வந்தவர்கள். அந்தக் கதையை முதலில் சொல்கிறேன். இந்த விடுமுறைக்கு உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு யோசனை இருந்தால், நாங்கள் விட்ட பிழையை நீங்கள் விடாதிருக்க உதவும்.

எங்கள் வீடு புளியந்தீவில். பெயரிலேயே தீவு இருக்கிறது. பாலம் தாண்டாமல் எங்கள் வீட்டிலிருந்து எங்கும் போக முடியாது. யுத்த காலத்தில் அந்தப் பாலங்களைத் தாண்டுவதே ஒரு பயணம்தான். சோதனைச் சாவடி, அடையாள அட்டை, இருட்டுவதற்குள் வீடு என்று இருபது வருஷத்துக்கு மேல் போனது. காட்டுப் பக்கம் போவதை யார் நினைத்தார்கள்? 1985 இல் மூடப்பட்ட குமண பூங்கா 2003 இல்தான் மறுபடி திறந்தது. எங்கள் உம்மாவுக்குப் படுவான்கரைப் பக்கம் சீதனமாகக் கிடைத்த வயல் இருந்தது. 1990 க்குப் பிறகு அந்த வயலைப் பார்க்கவும் அவர்கள் போகவில்லை. ஊர் வழக்கப்படி உம்மா என்னோடுதான் இருந்தார்கள்.

2012 ஆகஸ்ட் விடுமுறையில், 'இனியும் வீட்டுக்குள் இருக்க ஏலாது' என்று சொல்லி என் கணவர் ஒரு வான் பேசினார். நாங்கள் பதினொரு பேர். நாலு நாள், நாலு பூங்கா. மின்னேரியா, அங்கிருந்து கண்டி வழியாக ஹோட்டன் சமவெளி, பிறகு உடவளவ, கடைசியாக யால. புத்தல, மொனராகலை, பொத்துவில் வழியாக வீடு. எண்ணூறு கிலோமீற்றர் அளவில் வரும். கடதாசியில் எழுதியபோது மிக அழகாக இருந்தது.

முதல் நாள் மின்னேரியா. சூரியன் சாயும் நேரம் குளத்தங்கரையில் யானைக் கூட்டம் நிற்கும் என்று எல்லோரும் ஜீப்பில் ஏறிவிட்டார்கள். இராச் சாப்பாடு ஆக்க வேண்டுமே? மதினி தங்குமிடத்தில் நின்றுவிட்டார். வானில் நாலு மணித்தியாலம் மடக்கி வைத்த கால் விறைத்துப்போய், உம்மாவும் "நீங்க போங்க மகள், நான் இதிலே இருக்கன்" என்றார்கள். இரண்டாம் நாள் ஹோட்டன் சமவெளி. உலக முடிவைப் பார்த்துத் திரும்ப ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் நடை. உம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு வானுக்குள் இருந்தார்கள். மூன்றாம் நாள் உடவளவ. ஜீப்பின் படி உயரம். இரண்டு பேர் பிடித்துத் தூக்கியும் ஏறவில்லை, வெட்கத்தில் இறங்கிவிட்டார்கள். நாலாம் நாள் யால. புழுதியும் நித்திரைக் குறைவும் சேர்ந்து காய்ச்சல். நாலு பூங்கா, நாலு கேற். நாலிலும் உம்மா கேற்றோடு சரி. மதினி மூன்றைப் பார்த்தார். ஆனால் எதிலும் கண் திறந்து இருக்கவில்லை, அவ்வளவு களைப்பு.

வீட்டுக்கு வந்து உடுப்புத் துவைக்கும்போது உம்மா சொன்ன சொல் எனக்கு இன்றும் சுடும். "நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரித்தான்" என்றார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை.

ஆகவே சகோதரிகளே, திட்டம் போடும்போது பூங்காவின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். வானில் வரும் ஆட்களில் யாருக்கு நடக்க ஏலாது, யார் அடுப்படியில் நிற்பார், யார் கைக்குழந்தையோடு இருப்பார் என்று முதலில் எழுதுங்கள். அந்த மூன்று பேரும் யானையைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு மற்றதை எழுதுங்கள். எங்கள் நாலு நாள் திட்டம் தானாகவே இரண்டு நாளாகச் சுருங்கியிருக்கும்.

அடுத்து, சாச்சியின் மகளுடைய வீட்டு வாகனம் போல இங்கே ஏன் செய்ய முடியாது என்பதைச் சொல்ல வேண்டும். கட்டிலும் அடுப்பும் பூட்டிய வான்கள் இலங்கையிலும் இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அதை ஓட்டிக்கொண்டு போய்க் காட்டுக்குள் நினைத்த இடத்தில் நிறுத்திப் படுக்க முடியாது. நமது பூங்காக்கள் பொதுவாகக் காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடுபவை. உள்ளே இரவு தங்குவதென்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பங்களாவையோ கூடாரம் அடிக்கும் இடத்தையோ முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பாதைகளும் வானுக்கு உரியவையல்ல. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான் போகும். ஆக, நமக்கு வான் றோட்டுக்கு, ஜீப் காட்டுக்கு, பங்களாவோ வெளியில் ஒரு தங்குமிடமோ இரவுக்கு. மூன்றுக்கும் தனித்தனியே காசு ஒதுக்க வேண்டும். வான் வாடகையை மட்டும் கணக்குப் பார்த்துப் புறப்படுகிறவர்கள் ஜீப்காரரிடம் போய்த்தான் முழிப்பார்கள். ஜீப் வாடகை ஆளுக்கல்ல, ஜீப்புக்கு. ஆறேழு பேர் ஏறலாம். நுழைவுச் சீட்டு வேறு. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்திருக்கும் உறவினருக்குக் கட்டணம் பலமடங்கு. அவர்கள் மனம் நோகாதபடி முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்தக் காடு என்று கேட்பீர்கள். மட்டக்களப்புப் பக்கத்தவர்களுக்கு அல்லாஹ் கிட்டத்திலேயே மூன்று வாசல் வைத்திருக்கிறான். முதல் பயணத்துக்கு நான் சொல்வது இங்கினியாகல. கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, அம்பாறை என்று நம் ஆட்கள் இருக்கும் ஊர்கள் வழியாகப் போனால் நூறு கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். அங்கே கல் ஓயா தேசியப் பூங்கா 1954 இல் அறிவிக்கப்பட்டது. நடுவில் சேனாநாயக்க சமுத்திரம். பெயருக்கு ஏற்றபடி கடல் போலவே கிடக்கும் அந்தக் குளத்தின் தண்ணீர்தான் சம்மாந்துறை வயல்களுக்குப் பாய்கிறது. நீங்கள் நேற்று ஆக்கிய சோற்றிலும் இருந்திருக்கும். இங்கே ஜீப்பை விடப் படகில் பார்ப்பதுதான் சிறப்பு. குளத்துக்குள் தீவுகள் இருக்கின்றன. புல்லுத் தேடி யானைகள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்திப் போகும். தும்பிக்கை மட்டும் மேலே தெரியும். படகென்றால் முழங்கால் வலிக்காரருக்கும் சுகம், புழுதியும் இல்லை. மார்ச் தொடக்கம் ஜூலை வரை நல்ல காலம். உயிர்காப்பு அங்கியை எல்லோருக்கும் கேட்டு வாங்குங்கள். 'ஹபாயாவுக்கு மேலே எப்படிப் போடுவது' என்று சில பெண்கள் கூச்சப்பட்டுக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். தண்ணீர் கூச்சம் பார்க்காது.

இரண்டாவது மின்னேரியா. வாழைச்சேனை, பொலன்னறுவை வழியாகச் சுமார் 130 கிலோமீற்றர். 1997 இல் தேசியப் பூங்காவானது. மகாசேனன் கட்டிய குளம் கச்சான் காற்றுக் காலத்தில் வற்ற வற்ற, கரையில் புதுப்புல் முளைக்கும். அதைத் தேடி ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை நூற்றுக்கணக்கான யானைகள் கூடும். ஆனால் ஒன்று. மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு, சில வருஷங்களில் கோடையிலும் குளத்தில் தண்ணீர் நிரம்பி நிற்கிறது. புல் மூழ்கினால் யானைகள் பக்கத்துக் கவுடுல்லவுக்கோ ஹுருலுக் காட்டுக்கோ போய்விடும். போகும் அன்று காலையில் அங்குள்ள ஜீப்காரரிடம் கேட்டுவிட்டு எந்தக் கேற் என்று முடிவு செய்யுங்கள். 'மின்னேரியா என்றுதான் எழுதினோம்' என்று பிடிவாதம் பிடித்தால் வெறும் குளத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

மூன்றாவது குமண. பொத்துவில் நூற்றுப் பத்துக் கிலோமீற்றர் அளவு, அங்கிருந்து பாணமை, உகந்தை. பறவைகளுக்குப் பேர்போன இடம். மே, ஜூன் மாதங்களில் கூடு கட்டி நிற்கும். யாலவைப் போல ஜீப்புக்குப் பின்னால் ஜீப் நிற்காது, அமைதி. ஆனால் பாணமைக்கு அப்பால் கடை கண்ணி இல்லை. ஆகவே இதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வில்பத்துவும் யாலவும் நமக்குத் தூரம். ஓடாது, அங்கேயேதான் இருக்கும்.

வடகீழ்ப் பருவ மழை கொட்டும் நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை நம் பக்கத்துக் காடுகளை மறந்துவிடுங்கள். பாதை வெள்ளத்தில் இருக்கும்.

இனி வான். பேசும்போது வாயால் பேசி முடிக்காமல் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர் வாடகைக்குள் அடங்கும், மேலதிகத்துக்கு எவ்வளவு, எண்ணெய் யார் பொறுப்பு, சாரதியின் பாட்டாவும் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு. வாடகைக்கு ஓடும் வாகனத்துக்குரிய காப்புறுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சொந்தப் பாவனைக் காப்புறுதியோடு வாடகைக்கு ஓடுகிறவர்கள் உண்டு, விபத்தென்றால் தெருவில் நிற்பது நாம். மேலதிகச் சில்லைக் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் பயணத்தில் சில்லு இருந்தது, காற்று இல்லை.

சாரதி எங்கே படுப்பார் என்று வீட்டுப் பெண்கள் கேட்பதில்லை. கேளுங்கள். இரவில் வானுக்குள் நுளம்புக் கடியில் முடங்கிக் கிடந்தவர், மறுநாள் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப் பாதையில் இறங்குகிறார். வெலிக்கந்த, மன்னம்பிட்டி, ஹபரண பக்கத்து றோட்டுகளில் மாலை ஆறுக்குப் பிறகு ஓடுவதில்லை என்று முதலிலேயே பேசி வையுங்கள். யானை இருட்டில் றோட்டில் நின்றால் கறுப்பாகத் தெரியாது, தெரியவே தெரியாது. 2025 பெப்ரவரியில் ஹபரணவுக்கு அருகே பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் மடிந்தன. அவ்வளவு பெரிய விளக்கு வைத்த ரயிலுக்கே அந்த நிலை.

யானை என்றதும் இன்னொன்று. நம் பிள்ளைகள் அதைப் படத்தில் பார்த்துப் பொம்மை என்று நினைக்கிறார்கள். 2023 இல் மட்டும் இந்த நாட்டில் 400 க்கும் மேற்பட்ட யானைகளும் 150 க்கும் மேற்பட்ட மனிதர்களும் உயிரிழந்தார்கள். படுவான்கரை மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தல – கதிர்காமம் றோட்டில் யானைகள் வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்கும். 'பாவம், ஒரு வாழைப்பழம்' என்று ஜன்னலால் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழக்கிவிட்டுப் போகிறவர் நாம். அடுத்துப் பழமில்லாமல் வரும் மோட்டார் சைக்கிள்காரர்தான் அதற்கு விலை கொடுப்பார். கண்ணாடியை மூடிவைக்கச் சொல்லுங்கள்.

சமையலுக்கு வருவோம். திணைக்களப் பங்களாவில் பொதுவாகச் சமைத்துத் தர ஒருவர் இருப்பார்; அரிசி, மரக்கறி, மீன், கோழி எல்லாம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். இது நமக்கு மிகவும் வசதி. கோழியை நம் ஊரிலேயே அறுத்து மஞ்சள் உப்புப் பூசி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டால் ஹலால் பற்றிய கவலை இல்லை. இரண்டு சட்டியும் அகப்பையும் நம்முடையதாக இருக்கட்டும். சுவையில் கொஞ்சம் முன்பின் இருக்கும். 'அவனுக்குப் பால் பிழியத் தெரியாது' என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடாதீர்கள். அதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? வெளியில் தங்குமிடம் என்றால் முதல் நாளைக்குக் கட்டுச் சோறு, அடுத்த நாளைக்குப் பாண், வாழைப்பழம், அவித்த முட்டை, மாசிச் சம்பல் போதும். மாசிச் சம்பலை வீட்டில் வறுத்து எடுத்தால் மூன்று நாள் கெடாது. இரண்டு நாள் பிரியாணி தின்னாவிட்டால் ஆண்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

சோற்றை லஞ்ச் ஷீட்டில் சுற்றாதீர்கள். வாழையிலை, இல்லாவிட்டால் மூடி போட்ட டப்பா. ஹோட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். எங்கள் பிஸ்கட் பக்கற்றுகளின் உறையை உரித்துக் கையில் தந்தபோது பிள்ளைகள் சிரித்த சிரிப்பு! மான் வயிற்றுக்குள்ளிருந்து பொலித்தீன் எடுத்த கதையை அங்கே நின்றவர் சொன்ன பிறகு சிரிப்பு நின்றது. கைக்குழந்தையின் அணையாடையும் பெண்களுக்கே உரிய மாதத் தேவைகளும் அப்படித்தான். தனியே ஒரு பை வைத்து, கட்டி, திரும்ப ஊருக்கே கொண்டு வாருங்கள்.

ஜீப்பில் ஏறினால் மூன்று, நாலு மணித்தியாலத்துக்கு இறங்க முடியாது. இறங்க அனுமதித்த சில இடங்களைத் தவிர, மற்ற இடத்தில் கால் வைப்பதே குற்றம். ஆகவே ஏறுமுன் எல்லோரும் கழிப்பறைக்குப் போய் வரட்டும். கேற்றில் சுத்தமாக இருக்கும் என்று நம்பி ஒரு போத்தல் தண்ணீர் இல்லாமல் போகாதீர்கள். பிற்பகல் சுற்று மூன்று மணி அளவில் தொடங்கி ஆறுக்கு முடியும். அஸர் நேரம் காட்டுக்குள் போய்விடும். பயணியின் தொழுகையைச் சுருக்குவதும் ளுஹரோடு அஸரைச் சேர்ப்பதும் எப்படி என்று புறப்படுமுன் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் ஜீப்புக்குள் இருந்து தவிக்க வேண்டியதில்லை. வழியில் எல்லாப் பள்ளியிலும் பெண்களுக்கு இடம் இருக்காது. பக்கத்து வீட்டு வாசலில் நின்று சலாம் சொல்லுங்கள். அக்கரைப்பற்றிலும் கதுறுவெலயிலும் எங்களுக்குப் பாய் விரித்ததோடு தேத்தண்ணியும் தந்தார்கள்.

மருந்து வாப்பாமார் உம்மாமாரின் பையில் இருக்கக் கூடாது, உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். அவர்கள் 'போட்டுட்டன்' என்று சொல்வார்கள். இன்சுலின் போடுகிறவர் இருந்தால் ஐஸ் போட்ட சுடுதண்ணிப் போத்தல் ஒன்று. இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்துவிட்டது, ஆனால் டெங்கு இருக்கிறது. நுளம்பு வலையோ பூசும் மருந்தோ வேண்டும். புல்லுக்குள் உண்ணி இருக்கும், பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன ஸ்டூல். அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் உடைப்போமே, அந்த உயரம். வானுக்கும் ஜீப்புக்கும் படகுக்கும் அதுதான் படி. எந்தப் பட்டியலிலும் யாரும் எழுதாத பொருள்.

2014 இல் நாங்கள் அந்த ஸ்டூலோடு இங்கினியாகலவுக்குப் போனோம். இரண்டு நாள், ஒரு இடம். காலைப் படகு. உம்மா ஸ்டூலில் ஏறிப் படகில் இருந்தார்கள், பக்கத்தில் மதினி. அரை மணித்தியாலம் கொக்கும் நீர்க்காகமும்தான். பிறகு படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். ஒரு பெண் யானையும் குட்டியும் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பித் தீவில் ஏறின. குட்டி வழுக்கி வழுக்கி ஏற, தாய் நின்று பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் பேசவில்லை. உம்மாதான் முதலில் பேசினார்கள்: "எங்கட வயலை உழக்கினது இதுகள்தானா?" மதினி சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுகளுக்கும் பசிதானே" என்றார்கள்.

திரும்பி வரும்போது, கல்லடிப் பாலம் வருமுன்னே, "குமணைக்கு எப்ப?" என்று கேட்டார்கள். குமணைக்கு அவர்கள் வரவில்லை. 2016 இல் மௌத்தாகிவிட்டார்கள். அடுத்த வருஷம் நாங்கள் போனபோது ஸ்டூலை மறக்காமல் வானில் ஏற்றினேன். எனக்கும் இப்போது முழங்கால் வலி.